கொல்லைக் கதவுக்கான மன்றாட்டு

2012 ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். 6.30 பூசை. எட்டு மணிக்கு இட்லி, நான்கு. 8.10க்கு அப்பா என்னிடம், "ஒங்கம்மாட்ட சட்னி கேளு" என்றார். அம்மா அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குச் சட்னி."

"தீந்துபோச்சுன்னு சொல்லு."

சொன்னேன்.

அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. (காரணம் என் டைரியில் இல்லை. நான் டைரி எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகு. அந்த வருத்தம் இன்னும் உண்டு.) மாலை ஜெபமாலையில் மட்டும் அப்பா முதல் பாதியைச் சொல்ல, அம்மா மறுபாதியைச் சொல்வாள். ஒரு சொல் பிசகாது. கண்ணை மூடிக்கொண்டால், ஆவூர் வட்டாரத்திலேயே ஒழுங்கான குடும்பம் எங்களுடையதுதான் என்று தோன்றும். ஜெபம் முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் கண்ணைத் திறப்பதில்லை.

அன்று மாலை நான்கு மணிக்குத் தங்கை அமலாவைப் பெண் பார்க்கக் கீரனூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்குப் போட்டோவிலேயே பிடித்திருந்தது. ஆனால் முந்தைய வரன், "தாயும் தகப்பனும் பேசிக்கிறதில்லையாமே" என்று நின்றுபோயிருந்தது. ஆகவே நான் ஒரு நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். (மூன்று ஜெராக்ஸ்.) 4.10: அப்பா அம்மாவைப் பார்த்து, 'காபி கொண்டாம்மா'. 4.15: அம்மா, 'சீனி போதுமாங்க?' 4.20: இருவரும் சிரித்தல்.

"சிரிக்க வேற செய்யணுமா?" என்றார் அப்பா.

"அமலாவுக்காகப்பா."

4.10க்கு அப்பா சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார், கண்ணாடி போட்டுப் படித்தார், "காபி கொண்டாம்மா" என்றார். அம்மாவைப் பார்க்கக் கூச்சப்பட்டு, மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அந்தம்மா பாதி எழுந்துவிட்டார். எங்கள் அம்மா என் பக்கம் திரும்பி, "சீனி போதுமான்னு கேளு" என்றாள். 4.20க்கு யாரும் சிரிக்கவில்லை. அமலா கதவோரம் தலைகுனிந்து நின்றாள்.

"சரி, ஜெபமாலையில ஒரு பத்து மணி மட்டும் சொல்லிருவமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எனக்கு உயிர் வந்தது. அப்பாவும் அம்மாவும் ஜமாய்த்தார்கள். வந்தவர்கள் முகம் தெளிந்தது.

அதன்பின் மன்றாட்டு. ஆளுக்கொரு வேண்டுதல் சொல்வார்கள், மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது வருடப் புகார்களும் ஆண்டவர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. (கேட்டுக் கேட்டுப் பழகியதில், எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்து, நிரலில் இதைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டுவிட்டேன்.)

அம்மா தொடங்கினாள். "ஆண்டவரே, இந்த வீட்ல ஒருத்தரு கொல்லக் கதவத் தெறந்து போட்டுட்டுப் போறாரு. நேத்தும் ஆடு பூந்து அரிசியத் தின்னுருச்சு. அவருக்கு நல்ல புத்தியத் தாரும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் கீரனூர்க்காரர்கள், பழக்கதோஷத்தில்.

அப்பா விடவில்லை. "ஆண்டவரே, மூட்டுவலிக்காரன நாலு தடவ எந்திரிச்சுப் போயி கதவச் சாத்தச் சொல்றவங்களுக்கு எரக்கத்தத் தாரும்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"ஆண்டவரே, மூட்டு வலிக்கிதுன்னு அவரு எங்கிட்ட எப்பச் சொன்னாரு?"

கீரனூர்க்காரர்கள் "எங்கள்" வரை வந்து நின்றுவிட்டார்கள். அம்மாவின் குரல் உடைந்திருந்தது. நான் நிரலை நான்காக மடித்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆண்டவரே, எங்க வீட்லயும் ஒருத்தரு ஈரத் துண்டக் கட்டில்ல போடுறாரு."

"கேட்டருளும்!" என்று உரக்கச் சொன்னது மாப்பிள்ளை. செப்டம்பரில் கல்யாணம்.

இன்றும் அமலா வீட்டில் யாராவது விளக்கை அணைக்க மறந்தால், "மன்றாட்டுல வச்சிருவேன்" என்பதுதான் மிரட்டல். கிறிஸ்துமஸுக்குக் கூடும்போதெல்லாம் அந்த ஜெராக்ஸை எடுத்து, '4.20: இருவரும் சிரித்தல்' என்று வாசிப்பாள். எல்லாரும் சிரிப்போம், அப்பா உட்பட. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் அவரிடம் நேராகப் பேசிய ஒரு வார்த்தைக்காக என் டைரிகள் அத்தனையும் புரட்டிவிட்டேன். இல்லை.

அந்த ஞாயிறுக்கு அடுத்த பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: ஜூன் 11, திங்கள். காலை 5.40. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. எழுந்ததும் முதல் வேலையாக அம்மா, தைல பாட்டிலை என் கையில் தராமல், தானே கொண்டுபோய் அப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.