கல்லு மாதிரி காத்து

சாத்தூர் சீனிச்சாமிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். சைக்கிள் டயரில் காற்று கல்லு மாதிரி இருக்கணும். கட்டைவிரலால் அமுக்கினால் விரல்தான் நோகணும்.

கொள்கை பிறந்தது கல்யாணமான புதுசில். கற்பகவல்லியைக் கேரியரில் வைத்து இருக்கன்குடி கோயிலுக்கு மிதித்தார். பின்னாலிருந்து ‘ம்’ தவிர வேறு சத்தமே இல்லை. நடுவழியில் டீயும் வடையும் சாப்பிட்டுத் திரும்பினால், பின் டயர் சப்பையாகக் கிடந்தது. மிச்ச தூரமெல்லாம் உருட்டிக்கொண்டே நடந்தார்கள். அடேயப்பா, அன்றைக்குப் பேசிய பேச்சு! நினைத்தால் இப்பவும் அவருக்கு நெஞ்சு இனிக்கும். ஆனாலும் புதுப்பெண்டாட்டியை நடக்கவிட்ட வெட்கம் இருபத்தேழு வருசமாகப் போகவில்லை.

இந்தத் தை வெள்ளிக்கு, அச்சாபீசில் காலண்டர் சீசன் முடிந்த கையோடு, அகலமான பட்டை டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டார். கேரியரும் மாட்டியாச்சு. அதே பாதை, அதே பெண்டாட்டி.

“ஆத்து மணலைக்கூட காலை ஊனாமத் தாண்டுவேன் வல்லி, பாக்குறியா?”

“தாண்டலேன்னா?”

“வண்டியை உன் தம்பிக்கே குடுத்துர்றேன்!”

“காத்து எம்புட்டு வச்சிருக்கீக?”

“நாப்பது பவுண்டு. அமுக்கிப் பாரு, கல்லு!”

“அகல டயருக்குக் கொறச்சு வைக்கணும்ங்க. டயர்லயே எழுதியிருக்கு.”

“முப்பது வருசம் அச்சாபீசுல எழுத்தைப் பாத்தவன் நான். எனக்கே வாசிச்சுக் காட்டுறியா? காத்துல கை வச்சே, தெரியும் சேதி!” என்று குளிக்கப் போனார்.

ரோட்டில் வண்டி மெத்துமெத்தென்று போனது. “பாத்தியா, கல்லு மாதிரி காத்தோட மகிமையை!” என்று வழியெல்லாம் பெருமையடித்தார். ஆற்றங்கரையில் அவள் இறங்கிக்கொண்டாள். அவர் பல்லைக் கடித்து மிதித்தார். டயர் புதையவே இல்லை. ஒரு தடவைகூடக் கால் ஊனாமல் அக்கரை சேர்ந்துவிட்டார்.

“இப்ப என்ன சொல்றே?” என்று அங்கிருந்தே கத்தினார்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஆடி அசைந்து வந்தாள். “கொஞ்சம் டயரை அமுக்கிப் பாருங்க.”

அமுக்கினார். விரல் பணியாரத்தில் இறங்குவதுபோல் இறங்கியது.

“நீங்க குளிக்கப் போனப்பவே காத்தைப் பன்னெண்டுக்கு எறக்கிட்டேன். வண்டி தம்பிக்குப் போயிட்டா நாம எதுல வர்றது?”

சீனிச்சாமிக்கு முகம் தொங்கிப்போனது. “அடிப்பாவி! காத்தைப் புடுங்குற பழக்கம் எப்பருந்து உனக்கு?”

“அன்னைக்கு நீங்க ரெண்டாவது வடைக்குக் கை நீட்டுனீகளே, அப்பருந்து. பெறகு, உங்க முதுகோடயே எம்புட்டு நேரந்தான் பேசுறது?”