தாடையில் இருந்த படிக்கட்டு

பட்டாபிராம் முதல் அம்பத்தூர் வரை உள்ள பேனர்களையெல்லாம் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்த ஒரே மனிதர் எங்கள் படிக்கட்டுதான். மேனாம்பேட்டில் நான் வேலை பார்த்த பேனர் கடையின் டிசைனர். அவருடைய நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது.

சின்னப் படத்தைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகப் பல்லிளிக்குமே, அந்தப் ‘படிக்கட்டு’தான் அவருடைய ஜென்ம விரோதி. கறுப்பும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சாம்பல் கட்டங்களை ஒவ்வொன்றாக வைத்து, ஓரம் வழவழவென்று வந்த பிறகுதான் டீ குடிப்பார். கம்ப்யூட்டரே தானாகச் செய்யுமே என்றால் கோபம் வந்துவிடும்.

“அது மொத்தமா மெழுகிடும் நைனா. மூஞ்சா, களிமண்ணா?”

ஒரு கட்சிக்காரர் தன் பிறந்தநாள் பேனருக்குக் காத்திருந்து நொந்துபோனார்.

“இன்னாபா, அடுத்த பொறந்தநாளே வந்துரும் போல கீது!”

“உங்க மீசைல படிக்கட்டு கீது தலைவரே. எறும்பு ஏறி மூக்குக்கே பூடும்.”

“ரோட்ல போறவன் எவன் கிட்ட வந்து பாக்கப் போறான்?”

“நான் பாப்பேன்.”

சொன்னபடி மறுநாள் சாரத்தில் ஏறிப் பார்த்தார். இறக்குவதற்கு இரண்டு பேர் போனோம். தன் கல்யாண பேனரையும் அவரேதான் செய்தார். பெண்ணின் ஜிமிக்கி வட்டமாக வரவில்லையாம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு பேனர் வந்து சேர்ந்தது.

அப்புறம் ஒரு நாள் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். தொழிற்சாலையில் லேத் மிஷினில் கடைசல் வேலை பார்த்த கணவர் இறந்துவிட்டார். மறுநாள் பதினாறாம் நாள் காரியம்; அதற்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும். படம் எடுக்கவே விடாத மனிதராம். கையில் இருந்தது தபால்தலை அளவில் ஒரே ஒரு படம்.

படிக்கட்டு மூன்று மணி நேரம் தலை நிமிரவில்லை. முடித்தபோது படத்தில் முகம் பளிங்கு மாதிரி இருந்தது. நான் கைதட்டினேன்.

அந்த அம்மா உற்றுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இவரு யாரு?”

தாடையில் இரும்புச் சுருள் தெறித்த தழும்பு ஒன்று உண்டாம். நம்மவர் அதையும் படிக்கட்டு என்று நினைத்து மெழுகிவிட்டார்!

அவர் முகம் சுண்டிப்போனது. பழைய படத்திலும் தழும்பு தெளிவாக இல்லை. “உக்காருங்கமா. எங்க இருந்துச்சுனு வெரல வெச்சுக் காட்டுங்க” என்றார். அந்த அம்மா திரையைத் தொட்டுக் காட்டக் காட்ட, வாழ்நாளெல்லாம் தான் ஒழித்துவந்த கரடுமுரடைக் கட்டம் கட்டமாகத் திருப்பி வைத்தார்.

“இன்னும் கொஞ்சம் கோணலா இருக்கும் தம்பி... ஆங். அவருதான்.” அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

படிக்கட்டு மூக்கை உறிஞ்சினார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எங்கள் கடையில் ஏசியே கிடையாது.

எனக்கும் ஒரு நாள் அப்படியொரு பேனர் வைப்பார்கள். அதை அவர்தான் செய்ய வேண்டும். என் இடது புருவத்துத் தழும்பை இப்போதே அவரிடம் காட்டி வைத்திருக்கிறேன்.