கப்பித்தான் பரம்பரையும் பூர்வீகம் சாரும்

மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவில் யார் யாருக்கு என்ன உறவு என்று கடவுளுக்கே ஒரு சந்தேகம் வந்தால், அவரும் பூர்வீகத்துக்குத்தான் போன் போட வேண்டும். பூர்வீகம் எடுப்பார். "இன்னா விஷயம்?" என்பார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும், "உங்க வூட்ல எத்தினி மணிக்குச் சாப்பாடு?" என்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்ட யாருக்கும் அவர் சொன்னதில்லை. குடும்பங்களின் பழைய கதையைத் தோண்டி எடுத்துத் தருவது அவர் தொழில், அதனால் ஊருக்கு அவர் பூர்வீகம். முன்பு கல்யாணத் தரகராக இருந்தவர். பெண்ணும் பிள்ளையும் செல்போனிலேயே பார்த்து முடித்துக்கொள்ளும் காலம் வந்ததும் மற்ற தரகர்கள் வீட்டுமனை விற்கப் போனார்கள். இவர் மட்டும் பின்னோக்கிப் போனார். "நடக்கப் போற கல்யாணத்துல நம்மளுக்கு வேல இல்ல. நடந்து முடிஞ்ச கல்யாணத்தத் தோண்டலாம்னு வன்ட்டேன்" என்பார்.

எப்போதும் சாம்பல் நிற சஃபாரி. கக்கத்தில் ஒரு ஹெல்மெட். வண்டி கிடையாது, ஹெல்மெட் மட்டும்தான். ரோட்டில் போகிறவர்களிடம் லிஃப்ட் கேட்டுப் போவார். "பாவம், நம்மள ஏத்திக்கினு போறவன போலீஸ் புடிக்கக் கூடாதில்ல" என்பது அவர் விளக்கம். பார்ப்பவர்களும், ஹெல்மெட்டோடு நிற்கிறாரே, வண்டி ரிப்பேர் போலிருக்கிறது என்று நிறுத்தி விடுவார்கள்.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், உண்மை பேசுவது. தி.நகரில் ஒரு பாத்திரக்கடை முதலாளி, தன் முன்னோர்கள் ஜமீன் பரம்பரை என்று கண்டுபிடித்துத் தந்தால் கல்லாவுக்கு மேலே படம் மாட்டலாம் என்று ஆசைப்பட்டு இவரை அமர்த்தினார். பூர்வீகம் சில மாதம் அலைந்துவிட்டு வந்து சொன்னாராம்: "நீங்க சொன்னது கரீட்டு சார். உங்க பாட்டன் பல்லக்கோடதான் போய்க்கினு இருந்தாரு." முதலாளி மலர்ந்து போய் காபி சொல்லியிருக்கிறார். காபி வந்த பிறகுதான் பூர்வீகம் வாக்கியத்தை முடித்திருக்கிறார்: "பல்லக்குக்குக் கீழ."

எங்கள் வீட்டுக்கு அவர் வந்த கதை இது. அம்மா இறந்த பிறகு, சாந்தோம் வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய மாணவர்கள், தலை நரைத்தவர்கள்கூட, அவர் எதிரே வந்தால் இன்றும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அம்மா போனதும் அப்பா வெளியே போவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு மட்டும் போய் வருவார். மற்ற நேரம் அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவரைப் பேச வைக்க ஒரே ஒரு வழி இருந்தது. கப்பித்தானைப் பற்றிக் கேட்க வேண்டும். தன் கொள்ளுத்தாத்தா ஒரு போர்த்துகீசியக் கப்பல் கப்பித்தான் என்பது அப்பாவின் அசையாத நம்பிக்கை. ஆதாரம் இரண்டு. ஒன்று, அப்பாவின் மூக்கு. இன்னொன்று, எங்கள் வீட்டில் தட்டில் கடைசியாக மிஞ்சும் மீன் துண்டுக்குக் 'கப்பித்தான் பங்கு' என்று பெயர். யாரும் தொடக் கூடாது. எடுத்து மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் சாப்பிடலாம்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு என்ன தருவது என்று யோசித்தபோது, ஆபீஸ் தோழி ஒருத்தி பூர்வீகத்தைப் பற்றிச் சொன்னாள். கப்பித்தானைக் கண்டுபிடித்துத் தந்தால் அப்பா எழுந்து நடமாடுவார் என்று நினைத்து வரச் சொன்னேன்.

வந்தவர், அப்பா எடுத்து வைத்திருந்த பழைய போட்டோக்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குள் போய் மூடியைத் திறந்தார்.

"வஞ்சிரமா? புளிக்கு மாங்கா போட்டுக்கீறீங்க. பேஷ்."

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர் ஆராய்ச்சி பண்றவரா, கேட்டரிங்கா?"

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். கடைசி வறுவல் துண்டை நோக்கிப் பூர்வீகத்தின் கை போனது.

"அதை எடுக்காதீங்க" என்றார் அப்பா, வகுப்பில் பேசுவது போல. "அது கப்பித்தான் பங்கு."

பூர்வீகத்தின் கை அந்தரத்திலேயே நின்றது. அப்பா முழுக் கதையையும் சொல்லி முடிக்கும் வரை அவர் கையை இறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த வார்த்தைய வேற ஒரு வூட்ல கேட்டுக்கிறேன் சார். அந்த வூட்லயும் கடைசித் துண்டு எனக்குக் கிடைக்கல. அந்தக் கடுப்பு நல்லா ஞாபகம் கீது. வூடுதான் ஞாபகம் இல்ல."

அந்த வீட்டைத் தேடுவதுதான் அதன் பிறகு வேலையாயிற்று. "நீங்களும் வரணும் சார், உங்க மூக்க நாலு பேருக்குக் காட்டணும்" என்று அப்பாவையும் கிளப்பினார். அப்பா மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். "இந்த மனுஷனைத் தனியா விட்டா நம்ம பேரைக் கெடுத்துடுவான்" என்று முணுமுணுத்துக்கொண்டே சட்டை மாற்றினார்.

முதலில் வேளச்சேரி. ஓர் அடுக்குமாடி வீட்டில் 'கப்பித்தான்' என்று சொல்லக் கேட்டதாகப் பூர்வீகம் சத்தியம் செய்தார். கேட்டது உண்மைதான். ஆனால் அது 'கேப்டன்', அந்த வீட்டு நாயின் பெயர். அதை விசாரித்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். அந்த ஐ.டி.க்காரத் தம்பதி, முன்பின் தெரியாத இரண்டு கிழவர்களுக்குத் தோசை வார்த்துப் போட்டு, தண்ணீர் வடியும்வரை கேரம் ஆட வைத்திருக்கிறார்கள். மாலையில் திரும்பிய அப்பா, செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "அந்தப் பையனுக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கவே தெரியலை. அடுத்த வாரம் வந்து கத்துத் தரேன்னு சொல்லியிருக்கேன்." அம்மா போன பிறகு அப்பா வாயில் 'அடுத்த வாரம்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

அடுத்தது மயிலாப்பூரில் ஒரு சாவு வீடு. "சாவு வூடுதான் சார் எனக்கு லைப்ரரி. எல்லாச் சொந்தமும் ஒரே எடத்துல கெடைக்கும்" என்று கூட்டிப் போனார். அப்பாவின் வெள்ளைச் சட்டையையும் நிமிர்ந்த உடம்பையும் பார்த்து, இறந்தவரின் பழைய நண்பர் என்று நினைத்து முன்வரிசையில் உட்கார வைத்து, நாலு வார்த்தை பேசச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு இறந்தவரின் பெயர்கூடத் தெரியாது. எழுந்து நின்று, "ஒழுக்கத்துக்கு உதாரணமாக வாழ்ந்தவர்" என்று தொடங்கிப் பேசியிருக்கிறார். இறந்தவர் ஆயுள் முழுக்கச் சீட்டாட்ட கிளப்பிலேயே குடியிருந்தவராம். அவருடைய மனைவி அப்பாவிடம் வந்து, "அவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல நீங்களாவது வந்தேளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்படி அலைந்துகொண்டிருந்தபோது ஒருநாள் காலை போன் வந்தது.

"கண்டுபுட்ச்சிட்டேன்மா. ராயப்பேட்டைல ஒரு மெத்தக் கடைல படுத்துக்கினு இருந்தேன்."

"மெத்தைக் கடையில ஏன் படுத்தீங்க?"

"முதுகு வலி. வாங்குற மாதிரி படுத்துப் பாத்தேன். படுத்த ஒடனே ஞாபகம் வந்துடுச்சு. கடைக்காரரு காதர் பாய் வூட்லதான். அவரு தங்கச்சி நிக்காஹ் பேச்சுக்குப் போய்க்கினு இருந்தப்ப சாப்ட்டேன்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாய் வீட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இன்னொரு நாய்தான் இருக்கும்" என்றார். ஆனாலும் கிளம்பினார். இந்த முறை நானும் கூடப் போனேன்.

கடைக்கு மேலேயே வீடு. எங்கும் இலவம்பஞ்சு மணம். காதர் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அக்கா மைமூனம்மாதான் வீட்டுக்குப் பெரியவர். எதற்கு வந்தோம் என்று பூர்வீகம் சொல்ல ஆரம்பித்தார். அவர் பாதி சொல்வதற்குள் மைமூனம்மா உள்ளே போய் ஒரு மூடிய கிண்ணத்தைக் கொண்டு வந்து திறந்தார். உள்ளே ஒரே ஒரு கறித் துண்டு.

"நேத்து ராத்திரி மிஞ்சினது. எங்க வீட்ல இதுக்குப் பேரு கப்பித்தான் பங்கு. உங்க வீட்லயுமா?"

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "கப்பித்தான் உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லீங்க. எங்க அத்தாவோட அம்மா, எங்க நன்னி, சாந்தோம் பக்கத்துப் பொண்ணு. நன்னியோட அப்பா கப்பல்ல சமையல்காரரு. அங்க கப்பித்தானுக்கு மொதல்ல எடுத்து வெச்சுட்டுத்தான் மத்தவங்க சாப்பிடணுமாம். அந்தப் பழக்கத்துல வீட்லயும் ஒரு துண்ட எடுத்து வெச்சுடுவாராம். நன்னி இங்க வாக்கப்பட்டு வந்தப்ப அதையும் கொண்டாந்துச்சு."

"உங்க நன்னி பேரு?"

"பாத்திமா. இங்க வர்றதுக்கு முன்னாடி ஃபிலோமினா."

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்பாவின் தாத்தாவுக்கு ஃபிலோமினா என்று ஒரு தங்கை இருந்ததும், அவள் இளவயதிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சொல்லப்பட்டதும் எனக்குத் தெரியும். போர்த்துகீசியக் கப்பித்தான் சமையல்காரராகி, இறந்துபோன பெண் மெத்தைக் கடைக்காரரோடு ஓடிப்போனவளாகி, எல்லாம் ஒரே மூச்சில் நடந்துவிட்டது. அப்பா யாரிடமும் எதுவும் பேசாமல் படியிறங்கினார்.

ரோட்டில் பூர்வீகத்திடம், "உங்க வேலை முடிஞ்சுது. இனிமே வர வேண்டாம்" என்றார்.

பூர்வீகம் முகம் சுருங்கிப் போனார். "சார், கப்பித்தான்தான் வேணும்னா வேற ஆளப் பாருங்க. நம்மளால சமையல்காரரத்தான் குடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சில நாள் வீடு மறுபடி பழையபடி ஆனது. அணைத்த டிவி, அதன் எதிரே அப்பா. கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன். "சமையல்காரரா இருந்தா என்னப்பா கேவலம்?"

அப்பா திரும்பிப் பார்த்தார். "நான் அதுக்காகவா கோவமா இருக்கேன்னு நினைச்சே? அந்தம்மாவுக்காக நான் சின்ன வயசுலேர்ந்து கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். எங்க தாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு ஏத்தியிருக்கேன். அப்போ அவங்க ராயப்பேட்டையில உயிரோட இருந்திருக்காங்க. நடந்து போற தூரம். தாத்தாவுக்கும் அது தெரிஞ்சிருக்கும். உயிரோட இருக்கிற தங்கச்சிக்கு மெழுகுவத்தி ஏத்தற அளவுக்கு ஒரு மனுஷனுக்கு என்ன வீம்பு?"

அப்பாவே தொடர்ந்தார்: "அந்தாளுக்குப் போன் போடு. மறுபடி போகணும். எனக்குத் தனியா போகக் கூச்சமா இருக்கு."

பூர்வீகம் நேரில் வந்தார். கோபமெல்லாம் இல்லை. என்ன குழம்பு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ராயப்பேட்டையில் அப்பா, காதர் பாயின் முன்னால் தடுமாறினார். "அன்னிக்கு எதுவும் சொல்லாமப் போயிட்டேன் பாய். மன்னிக்கணும். அவங்களை அடக்கம் பண்ண இடத்தைப் பார்க்கலாமா?"

காதர் பாய் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். கபரஸ்தானில் அந்த இடத்தைக் காட்டியதும், அப்பா எங்கள் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டாராம். பக்கத்தில் காதர் பாய் கையேந்தி துஆ ஓதினாராம். பிறகு பாய் சொன்னாராம்: "நன்னி கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. எங்க அண்ணன் வீட்லேர்ந்து யாராச்சும் வருவாங்கன்னு. லேட்டாயிடுச்சு, ஆனா வந்துட்டீங்க."

வெளியே வாசலில் என்னோடு காத்திருந்த பூர்வீகம்தான் நிலைமையைச் சமாளித்தார். "ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க. சாரோட தாத்தாவும் பாயோட நன்னியும் அண்ணன் தங்கச்சி. அவங்க புள்ளைங்க மாமன் புள்ள, அத்த புள்ள. ஆகக்கூடி நீங்க ரெண்டு பேரும் மச்சான் மொற. இனிமே சாரு, பாயின்னுல்லாம் கூப்டக் கூடாது."

அப்பாவை அதுவரை யாரும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. காதர் பாய் கூப்பிட்டார். அப்பா காதுவரை சிவந்து, "சொல்லுங்க மச்சான்" என்றார்.

இப்போது வாரத்தில் பாதி நாள் அப்பா மெத்தைக் கடையில்தான் இருக்கிறார். பஞ்சை நிறுத்துப் போடும்போது சதவிகிதக் கணக்குச் சொல்லி எல்லோரையும் படுத்துகிறார் என்று மைமூனம்மா புகார் சொல்கிறார். வேளச்சேரிக்கும் கேரம் ஆடப் போகிறார். நாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போகிறார்.

ஒருநாள் அப்பா பூர்வீகத்தைக் கேட்டார்: "எல்லார் வம்சத்தையும் தோண்டறீங்களே, உங்க சொந்தக்காரங்க எங்க?"

"ஐய, வியாசர்பாடி ஃபுல்லா நம்ம ஆளுங்கதான் சார். ஒருத்தன் வூட்டுக்குப் போனா இன்னொருத்தன் கோச்சுக்குவான். அந்தப் பேஜாரு தாங்காமதான் அடுத்தவன் சொந்தத்தத் தேடிக்கினு கீறேன்."

போன மாதம் மைமூனம்மாவின் பேத்திக்குக் கல்யாணம். குடும்பத்தோடு போட்டோ எடுக்க எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பூர்வீகம் பந்திப் பக்கம் நழுவப் பார்த்தார். அப்பா இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, தனக்கும் காதர் பாய்க்கும் நடுவில் நிறுத்தினார். போட்டோ எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. என்றைக்காவது எங்கள் வாரிசு ஒருவன், நடுவில் நிற்கும் இந்தச் சஃபாரிக்காரர் நமக்கு என்ன முறை என்று கண்டுபிடிக்க ஒரு ஆளை அமர்த்துவான். அந்த ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் கையோடு கை கோத்து நிற்கிற மூன்று பேரையும் பார்த்துவிட்டு, எப்படியும் சொந்தம்தான் என்று எழுதிக் கொடுப்பான். அவன் எழுதுவது சரியாகத்தான் இருக்கும்.