அக்கா வீட்டின் மேல் நான் பதிந்த வில்லங்கம்

டூலேரி, திங்கட்கிழமை

பாசமும் மரியாதையும் மிக்க ஒடீலியா அக்காவுக்கு, தம்பி ஆல்வரோ எழுதுவது. என் முழங்கால் இரண்டையும் கணக்கில் எடுக்காவிட்டால் நானும் என் மனைவி ஃபிலோமினாவும் நலம். உன் நலத்தைக் கோயிலில் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு தெரு தள்ளி இருக்கும் உனக்குத் தபாலில் எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ போனை எடுப்பதில்லை, கதவைத் தட்டினால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாய்.

கூலிப் பாக்கிக்காக உன் வீட்டின் மேல் வில்லங்கம் பதிந்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். கோபத்தில் செய்யவில்லை அக்கா. வீட்டை விற்குமுன் குளியலறையைப் புதுப்பிக்க நீ கான்ட்ராக்டர் ஹாஸ்கின்ஸைப் பிடித்தாய், டைல்ஸ் ஒட்ட அவன் என்னைப் பிடித்தான். நீ அவனுக்கு முழுப் பணமும் கொடுத்தாய், அவன் எனக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்கவில்லை. அப்படி ஆனால் எங்கள் தொழிலில் வேலை நடந்த வீட்டின் மேல்தான் பதிய முடியும், ஹாஸ்கின்ஸின் புது டிரக் மேல் பதிய முடியாது. அதுவும் வேலை முடிந்த தொண்ணூறு நாளைக்குள் பதியணும், விட்டால் போச்சு. எண்பத்தொன்பதாம் நாள் வரை பொறுத்தேன்.

"ஒரு வார்த்தை முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல உன் புருஷன்?" என்று ஃபிலோமினாவிடம் கத்தினாயாம். சொன்னேனே! வேலை தொடங்கியதுமே, எல்லா வீட்டுக்காரர்களுக்கும் அனுப்புகிற மாதிரி உனக்கும் அவள், கூலி வராவிட்டால் வீட்டின் மேல் பதிவோம் என்று பதிவுத் தபாலில் முன்னறிவிப்பு அனுப்பினாள். தபால்காரர் வந்த நேரம் நீ கடைக்குப் போயிருந்த. நான் உன் குளியலறையில கை நிறையப் பசையோட மண்டி போட்டிருந்தேன். "யாராவது வந்து கையெழுத்துப் போடுங்கப்பா!"ன்னு அவர் சத்தம் போட்டார். நான் அனுப்பின கடிதத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பத்திரமா இருக்கட்டும்னு உன் ரொட்டி டப்பாவுக்கு அடியில வெச்சேன், வெச்சதையே மறந்துட்டேன். இதுல என் தப்பு என்ன இருக்கு சொல்லு. சரி, கொஞ்சம் இருக்கு.

அதுக்காக, கோயில்ல ஊருக்கே விருந்து போடுற பரிசுத்த ஆவி திருவிழாவுல, எல்லாரும் பார்க்க அப்படிச் செய்யலாமா? பரிமாறுற கரண்டி உன் கையில. எனக்கு முன்னால நின்னவனுக்கு மாட்டிறைச்சி மூணு துண்டு. என் தட்டுல ஊறின ரொட்டியும் முட்டைக்கோஸும் மட்டும். "இறைச்சி எங்கக்கா?"ன்னா, "அண்டா மேலயும் ஒரு வில்லங்கம் பதிஞ்சுக்கோடா!"ங்கிற. வரிசையே சிரிச்சுது. ஃபாதரும் சிரிச்சார். நானும் சிரிச்சு வெச்சேன், வேற வழி?

வில்லங்கம் தீராம வீடு கைமாறாது, வெள்ளிக்கிழமை தாண்டினா வாங்குறவங்க ஓடிடுவாங்க, வேற மாநிலத்துல, ஐடஹோவுல, உன் மகன் நெல்சன் வீட்டோட நீ போய் இருக்கிறதும் நின்னுடும். எல்லாம் தெரியும். ஹாஸ்கின்ஸ் பணம் தராம நான் என்ன செய்ய முடியும்? அவனும் உன்னை மாதிரியே போனை எடுக்கிறதில்ல.

மாதா உன் முழங்காலையாவது காப்பாற்றட்டும். நெல்சனுக்கும் குழந்தைகளுக்கும் என் முத்தங்கள்.

உன் தம்பி,
ஆல்வரோ

பி.கு.: ஹாஸ்கின்ஸ் போன மாசமே முழுப் பணமும் குடுத்துட்டான். வில்லங்கத்தை நீக்குற விடுவிப்புப் பத்திரத்துல அன்னைக்கே நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, டைல்ஸ் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சேன். இது மறதி இல்லக்கா. வில்லங்கம் தீர்ந்தா வீடு போகும், வீடு போனா நீ போயிடுவ. இனிமேலும் மறைக்க மனசு வரல. பத்திரம் இந்த உறையிலேயே இருக்கு, நாளைக்கே பதிஞ்சுடு. தபால்ல போட்டா நாளாகும்னு நானே கொண்டாந்து உன் கதவுக்கு அடியில தள்ளியிருக்கேன். வெளிய படியிலதான் உட்கார்ந்திருக்கேன், டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுக் கதவைத் திற. அடுத்த வருஷம் திருவிழாவுல யார் யாரோ எனக்கு இறைச்சி போடுவாங்க. எனக்கு உன் கையால அந்த முட்டைக்கோஸ் போதும்க்கா.