பொறிக்குப் பதக்கம்

“ஐயா, பொறி பறக்குறது நல்லதுக்கில்ல. அது கசிவு,” என்றாள் ஏழாம் உலையைக் காக்கும் செங்கமலம்.

“கசிவா? வளர்ச்சிம்மா அது!” என்றார் ஆற்றல் அமைச்சர் விடங்கர்.

இது ஓர் உயிரணு நாட்டில் நடந்தது. பாடப்புத்தகம் மைட்டோகாண்ட்ரியா என்று சொல்வதை அந்நாட்டார் உலை என்பார்கள். நாட்டுக்கே ஆற்றல் தருபவை அவைதான். எரியும்போது ஆக்சிஜன் பொறிகள் கொஞ்சம் தெறிக்கும்; ஈரச்சாக்கோடு நிற்கும் சாக்குக்காரர்கள் உடனே அமுக்கிவிடுவார்கள். அமுக்கியே ஆகவேண்டும். ஏனென்றால் ஒவ்வோர் உலையின் வரைபடத்தையும் நெருப்புக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டிவைப்பது அந்நாட்டு வழக்கம். பாகம் தேய்ந்தால் அதைப் பார்த்துத்தான் புதிது வார்ப்பார்கள்.

அதிகம் பொறி பறக்கும் உலைக்குப் பதக்கம் என்று மன்னரின் முதல் ஆணை வந்தது. பொறிகளைக் குறைத்துக் காட்டிய குற்றத்துக்காகச் சாக்குக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது அடுத்த ஆணை. பொறி பட்டு ஏழாம் உலையின் வரைபடத்தில் ஓட்டை விழுந்தது. அதைப் பார்த்து வார்த்த பாகம் கோணலாக வந்தது. கோணல் பாகம் முன்னைவிட அதிகமாகப் பொறி கக்கியது, ஆற்றலோ பாதியானது. தெருவிளக்குகள் மங்கின. ஏழாம் உலைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

“பதக்கத்தை நீங்களே வச்சுக்குங்க,” என்றாள் செங்கமலம். “ உலையை மூடிப் பிரிச்சுடலாம். இல்லன்னா எட்டாவதும் பத்திக்கும். அங்க என் தங்கச்சி நிக்கிறா.”

“பதக்கம் வாங்குன உலையை மூடுறதா? மன்னர் மானம் என்னாகுறது? மூடினா ராஜதுரோகம், புரியுதா?”

“நல்லாப் புரியுது. வழியை விடுங்க.”

செங்கமலம் எரிபொருள் மதகைத் தானே அடைத்தாள். உலையைக் கல் கல்லாகப் பிரித்தாள். நல்ல கற்களை எட்டாம் உலைக்கு அனுப்பினாள். தங்கை சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே மற்ற உலைக்காரர்களும் வந்தார்கள். ஒரு வாரத்தில் தெருவிளக்குகள் தெளிந்தன.

உடனே ‘பழுதுற்ற உலை பிரிக்கும் மாமன்னர் திட்டம்’ முரசறைந்து அறிவிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்ததற்காக விடங்கருக்கு மாலை விழுந்தது. செங்கமலம் சிறையில் இருந்தாள்.

“திட்டம் உங்களுதுன்னா எங்க அக்கா எதுக்கு உள்ள இருக்கா?” என்று கேட்டாள் தங்கை.

“திட்டம் இன்னைக்குத்தான் வந்துது. அவ போன வாரமே செஞ்சுட்டாளே!” என்றார் விடங்கர், கொஞ்சமும் சிரிக்காமல்.

இப்போது உலைக்காரர்கள் முறைவைத்துச் சிறை வாசலில் நிற்கிறார்கள். உலைகளிலும் சாக்கு ஓயவில்லை. அவள் வெளியே வரும்வரை நகரமாட்டார்களாம். விடங்கரும் நகரமாட்டாராம். நீங்களே சொல்லுங்கள், முதலில் நகரப்போவது யார்?