மாமாவின் வண்டியில் ஓர் ஒடுக்கு

வண்டியின் இடப்பக்கத்தைக் கழுவப் போன ஐயாத்துரை, வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். பின்சக்கரத்துக்குச் சற்று மேலே, ஓர் உள்ளங்கை அளவுக்குத் தகரம் உள்ளே போயிருந்தது.

"தவமணி" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்த மனைவி ஒடுக்கைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் ஐயாத்துரைக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்பாவுக்கு என்ன சொல்லப் போறியள்?"

வண்டி அவளுடைய அப்பாவுடையது. விநாசித்தம்பி ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய ஓர் ஆஸ்திரேலியரிடம் அந்தக் கோம்பி வேனை வாங்கினார். உள்ளே படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. கூரையைத் தூக்கிவிட்டால் நிமிர்ந்து நிற்கலாம். நாடு முழுவதும் சுற்றக் கட்டப்பட்ட அந்த வண்டியில் அவர் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு முற்றத்திலேயே கூரையைத் தூக்கி, உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிப்பார். மாமி நல்லம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் துடைப்பதற்கு மட்டுமே அவருக்கு அனுமதி இருந்தது.

இளைய மகளைப் பார்க்க இருவரும் மெல்போர்னுக்குப் புறப்பட்டபோது, வண்டியை யாரிடம் விடுவது என்று பெரிய ஆலோசனை நடந்தது. தவமணிதான் அழுது அடம்பிடித்து, சாவியைத் தன் கணவரிடம் கொடுக்க வைத்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் மாமா ஐயாத்துரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தவமணியின்ட ஆள்" என்பதோடு சரி. துறைமுக அலுவலகத்தில் எத்தனையோ பேர் ஐயாத்துரைக்கு எழுந்து நிற்பார்கள். மாமனார் வீட்டில் அவருக்கு உட்கார நாற்காலி காட்டுவதற்கே யோசிப்பார்கள்.

"தார்ப்பாயை முழுக்க எடுக்க வேண்டாம். டிரைவர் பக்கத்தை மட்டும் தூக்கி, சனிக்கிழமையில எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாப் போதும். ஓட வேண்டாம்" என்று சொல்லி, இடப்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல வண்டியை நிறுத்திவிட்டுப் போனார் மாமா.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. பிள்ளைகள் நச்சரித்தார்கள். விடியாத இருட்டில் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைக்குப் போய்ச் சந்தோஷமாகத் திரும்பினார்கள். மணலைக் கழுவித் தார்ப்பாயை மூடிவிட்டால் முடிந்தது என்று நினைத்தார் ஐயாத்துரை. நினைத்தது நடக்கிற ஜாதகம் அவருக்கு எப்போது இருந்தது?

ஒடுக்கின் நடுவில் சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"சிவப்புக் கார்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "கடற்கரையில எங்களுக்குப் பக்கத்தில நிண்டதே, அதுதான். இடிச்சுப்போட்டு ஓடிட்டான்."

அவர்கள் குடியிருந்த தீவில் பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் ஸ்டேஷன் மாஸ்டரின் நீலக் கோம்பியைத் தெரியும். அதனால் அக்கரைக்குப் போவதென்று முடிவாயிற்று. அக்கரைக்குக் கட்டும் பாலம் அப்போது கடலுக்கு நடுவே பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஐயாத்துரை வண்டியை ஃபெரியில் ஏற்றி, தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று இருக்கைக்குக் கீழே குனிந்தபடியே கடலைக் கடந்து, மாக் மண்டினில் உள்ள பக்கிரிசாமியின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

பக்கிரிசாமி நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்திச் சாயம் அடிப்பதில் பேர் வாங்கியவர். ஒடுக்கைத் தடவினார். சிவப்பை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டு போனார்.

"பெயிண்ட் மாதிரி தெரியலியே அண்ணே. தூளாட்டம் கையில ஒட்டுது."

"அந்த ஆராய்ச்சி எதுக்கு? துடைச்சிட்டு அடிங்க."

"சரிலா. சின்ன வேலைதான். தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிரும்."

ஐயாத்துரை தேநீர் குடித்துவிட்டு வந்தபோது, ஒடுக்கு இருந்த இடத்தில் ஒடுக்கு இல்லை. ஓட்டை இருந்தது.

"என்ன இது?"

"உள்ள இருந்து மெதுவாத்தான் தட்டினேன். அப்பளம் மாதிரி கொட்டிருச்சு. முன்ன வச்சிருந்த வெள்ளைக்காரனே துருவுக்கு மேல புட்டிப் பசையைப் பூசி மூடியிருக்கான் அண்ணே. இத வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைக்கணும்."

ஐயாத்துரை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

புதுத் தகரம் வந்தது. அதற்கு அடித்த நீலம் பளபளவென்று இருந்தது. சுற்றியிருந்த நீலம் வெயிலில் வெந்து, அலசி அலசி நைந்த சட்டை மாதிரி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டிக்குப் பிளாஸ்திரி போட்டது போலத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் முழுசா அடிச்சிட்டா சரியாயிரும்" என்றார் பக்கிரிசாமி.

இடப்பக்கம் முழுவதும் அடித்தார்கள். இப்போது வலப்பக்கம் வேறு யாரோ ஒருவருடைய வண்டியாகத் தெரிந்தது. வலப்பக்கத்தையும் அடித்தார்கள். முகப்பு பரிதாபமாக நின்றது. முகப்புக்கும் கூரைக்கும் அடித்த பிறகு, பம்பர் துருப்பிடித்த பல் மாதிரி இளித்தது. பம்பரைக் கழற்றப் போன இடத்தில் வண்டியின் அடிப்பக்கத் தகரமும் கையோடு வந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கிரிசாமி, "இதோட முடிஞ்சிரும்லா" என்றார். ஒவ்வொரு தடவையும் ஐயாத்துரை அதை நம்பினார்.

கடைசியில் ஜன்னல் ரப்பர் மாறி, உள்ளே மேசைக்கு வார்னிஷ் ஏறி, தவமணி தைத்த புதுத் திரைச்சீலைகளும் தொங்கின. பட்டறையின் நடுவில், நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியது போல நின்றது வண்டி. பக்கிரிசாமி அதை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாத்துரை பார்க்காமல் திரும்பிக்கொண்டார். ஒரு சின்னத் தப்பை மறைக்க வந்து, குருடனுக்கும் தெரிகிற பெரிய தப்பாகச் செய்து வைத்திருந்தார்.

வழி கண்டுபிடித்தவள் தவமணிதான்.

"அப்பாவுக்கு இந்த வருஷம் எழுபது. பரிசெண்டு சொல்லுங்கோ. அவர் இல்லாத நேரம் பார்த்து, சொல்லாமல் செய்தது எண்டு சொன்னால் என்ன?"

ஐயாத்துரை அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. திருட்டு ஒரே வாக்கியத்தில் பாசமாக மாறிவிட்டது. கூண்டில் நிற்கப் போனவர் மாலைக்குக் கழுத்தை நீட்டத் தயாரானார்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் இருந்தது. மெல்போர்னிலிருந்து தொலைபேசி வந்தது.

"நாளையிண்டைக்கு வாறம். இஞ்ச குளிர் ஒத்து வரேல்லை" என்றார் விநாசித்தம்பி. "வண்டி எப்பிடி?"

"நல்லா இருக்கு மாமா. மெத்த நல்லா இருக்கு."

"ஒண்டு சொல்ல மறந்திட்டன். இடப்பக்கம் பின்னுக்கு ஒரு நெளிவு இருக்கும். கண்டனீரோ?"

ஐயாத்துரை ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"அது சும்மா நெளிவில்லை. தைப்பூசத்தண்டு தேர் போற ரோட்டில வண்டியை விட்டிட்டு நான் தேரோட நடந்து போனன். மாமியை வண்டிக்குக் காவல் வைச்சனான். பின்னேரம் திரும்பி வந்தால், தேருக்கு உடைச்ச தேங்காய் ஒண்டு பறந்து வந்து இதில பட்டதெண்டு மாமி காட்டுறா. அத்தனை ஆயிரம் தேங்காயில ஒண்டு, அத்தனை வண்டியில என்ர வண்டியைத் தேடி வந்திருக்கு. அதுக்குப் பிறகு என்ர முழங்கால் வலி இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அருளைப் பறையடிச்சுச் சொல்லப்படாது. வெள்ளிக்கிழமையில அதுக்குக் குங்குமம் வைக்கிறனான். இண்டைக்கு நீர் வைச்சு விடும்."

பின்னால் மாமியின் குரல் கேட்டது. "உதையெல்லாம் ஏன் இப்ப அவருக்குச் சொல்லுறியள்? வையுங்கோ போனை."

"நீ சும்மா இரு. என்ன, விளங்கிச்சோ? நான் சாகும் மட்டும் அதில ஒருத்தனும் கை வைக்கப்படாது."

ஐயாத்துரை போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சிவப்புக் கார் எதுவும் இடிக்கவில்லை. முருகன் தொட்ட இடத்தை அவர்தான் வெட்டி எடுத்துத் துருவோடு துருவாக எறிந்திருந்தார்.

மறுநாள் காலை முதல் ஃபெரியில் அக்கரைக்குப் போனார்.

"ஒடுக்கு வேணும்" என்றார்.

பக்கிரிசாமிக்குப் புரியவில்லை. புரிந்தபோது பாலிஷ் துணியைக் கீழே போட்டார்.

"அண்ணே, இத்தனை வருஷமா ஒடுக்கு எடுத்துத்தான் பழக்கம். போட்டுக் கொடுன்னு யாரும் கேட்டதில்ல. இந்தப் பெயிண்டுல உங்க முகம் தெரியுது, பாருங்க. இதுலயா?"

"நாளைக்கு என் மாமா வரார். அந்த முகத்தை நான் எங்க கொண்டு போய் வைக்கிறது?"

தேங்காயால் ஆனதைத் தேங்காயால்தான் செய்ய வேண்டும் என்று ஐயாத்துரை பிடிவாதம் பிடித்தார். பசாரிலிருந்து ஒரு சாக்குத் தேங்காய் வந்தது. முதல் தேங்காய் இரண்டாக உடைந்தது. வண்டி அசையவில்லை. அடுத்தது சுக்குநூறானது. பக்கிரிசாமி வைத்த தகரம் அப்படி. புது நீலத்தின் மேல் தேங்காய்த் தண்ணீர் வழிந்ததுதான் மிச்சம். பக்கத்துப் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கே சத்தம் கேட்டு வந்தார். பூசை நடக்கிறது என்று நினைத்துக் கைகூப்பி நின்றார். சாக்கு காலியானபோது, தன் லாரிக்கும் இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

"சுத்தியலை எடுங்க" என்றார் ஐயாத்துரை.

"என்னால முடியாதுண்ணே. நீங்களே அடிங்க. நான் பார்க்க மாட்டேன்."

பக்கிரிசாமி மரச்சுத்தியலைக் கொடுத்துவிட்டு, அடி விழ வேண்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். ஐயாத்துரை அதை அழித்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டார்.

"அவ்வளவு பெருசாவா இருந்திச்சு?"

"எத்தனை நாளா கண்ணை மூடினா அதுதான் தெரியுது. எனக்குத் தெரியாதா?"

முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். பயம், அவமானம், பன்னிரண்டு வருஷத்து 'தவமணியின்ட ஆள்' எல்லாம் சேர்ந்து அந்த அடியில் இறங்கின. பக்கிரிசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்தபோது ஒடுக்கு விழுந்திருந்தது. ஐயாத்துரை பாக்கெட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அப்பினார். சீனத் தவுக்கேயும் தன் நெற்றிக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை டாக்சியிலிருந்து இறங்கிய விநாசித்தம்பி, பெட்டியைக்கூட எடுக்காமல் வண்டியைப் பார்த்தபடி நின்றார். முகம் கறுத்தது.

"இதில கை வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"உங்கட எழுபதாவது பிறந்தநாளுக்கு, அப்பா" என்றாள் தவமணி.

அவர் காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று இடப்பக்கம் போனார். குனிந்தார் மாமா. முழங்காலில் நின்றார். பிறகு எழுந்து திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"முழு வண்டியையும் புதுசாக்கிப்போட்டு, அவன் தொட்ட இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறீர்" என்றார். "ஐயாத்துரை, உம்மை நான் இவ்வளவு நாளும் விளங்கேல்லை, மகன். சாவி உம்மட்டயே இருக்கட்டும்."

பெயர். அதோடு மகன். தவமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஐயாத்துரைக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தைப் பத்திரமாகப் போக விட்டார்.

காலைக் கழுவிக் கற்பூரம் எடுத்து வர மாமா உள்ளே போனார். தவமணி தட்டு எடுக்கப் பின்னால் ஓடினாள்.

நல்லம்மா மாமி மட்டும் வண்டிப் பக்கம் நின்றார். ஒடுக்குக்குள் தன் உள்ளங்கையை வைத்தார். கை முழுவதும் உள்ளே போய், சுற்றிலும் இடம் மிஞ்சியது. வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, ஐயாத்துரையின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்:

"தம்பி, தைப்பூசத்தண்டு நான் கேட் தூணில இடிச்சது இவ்வளவு பெரிசு இல்லையே."