மூச்சுவிட்ட பால்மாச் சவர்க்காரம்

வீட்டில் சவர்க்காரம் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதல் பெட்டி ஒழுங்காக இறுகிவிட்டால் போதும், இரண்டாவது பெட்டியிலேயே விஞ்ஞானியாகிவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றியது ஆலங்குடாவில், உம்மாவின் வீட்டில், என் தங்கச்சி றிஸ்னாவைப் பெண் பார்க்க வரவிருந்த வாரத்தில்.

அதுவரை தேங்காய் எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் கலந்து சாதாரணச் சவர்க்காரம்தான் செய்துகொண்டிருந்தேன். கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சிலர் வாங்கிப் போனார்கள். (ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்கள் என்றே இன்றும் நம்புகிறேன்.) பால் சேர்த்துச் செய்தால் முகம் மினுங்கும் என்று கைபேசிக் காணொளி ஒன்றில் ஒரு பெண் சொன்னாள். மணப்பெண்ணின் முகத்துக்குத் தாத்தாவின் கையால் ஒரு பால் சவர்க்காரம். (எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம், எனக்கு அப்போது வயது முப்பதுதான்.) நினைக்கும்போதே எனக்குக் கண் கலங்கியது.

பசும்பால் கிடைக்கவில்லை. உம்மாவின் அலுமாரியில் ஒரு பக்கெட் பால்மா, அதாவது ஒரு பொட்டலம் பால்தூள், இருந்தது. பால்மாவுக்காக நாடே கடை கடையாக அலைந்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று உம்மா அதைத் துணிகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார். அவர்கள் வெள்ளிக்கிழமைதானே வருகிறார்கள், அதற்குள் இன்னொன்று தேடிக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். கைபேசிப் பெண் ஒரு கரண்டி போடச் சொன்னாள். ஒரு கரண்டிக்கே மினுங்குமென்றால் முழுப் பக்கெட்டும் போட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். யோசனை அத்தோடு நின்றுவிட்டது.

வியாழன் காலையில் எல்லாவற்றையும் கலந்து, உடைந்த வள்ளத்துப் பலகையில் என் கணவர் அடித்துத் தந்த நீளப் பெட்டிக்குள் ஊற்றினேன். வாசத்துக்குத் தாராளமாக அத்தர் விட்டேன். சூடு தங்கினால் நன்றாக இறுகும் என்று துவாயால் மூடி, அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றினேன். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதம். ஜன்னலைச் சாத்தினாலும் மணல் உள்ளே வந்துவிடும். துணி விலகாமலிருக்க இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு கட்டு, நடுவில் ஒரு கட்டு. பிறகு பின்னறையின் மேற்குச் சுவரோரம் இருந்த நீள மர வாங்கில் கிடத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அன்று பின்னேரமே வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. குறிஞ்சிப்பிட்டியில் ஒரு கலியாணத்துக்கு வந்தார்களாம், வந்த வழியில் அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம். இறங்கியது மாப்பிள்ளையின் உம்மா. ஊரே அவரை ஹாஜியானி என்றுதான் கூப்பிடும். அதிகம் பேசாத, பார்வையாலேயே வீட்டை அளந்துவிடுகிற மனுஷி. மாப்பிள்ளை வானை விட்டு இறங்கவில்லை. வெட்கமாம்.

றிஸ்னா உடுக்க ஓடினாள். அவளுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் வந்தவர்களைப் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை, இவரைப் பற்றித் தினமும் ஒன்று கேட்டாள். உம்மா என்னைத் தேநீர் போட அனுப்பினார். நான் குசினியில் நின்று, இல்லாத பால்மாவை நினைத்தபடி இஞ்சி தட்டிப் பாலில்லாத பிளேன்டீ ஊற்றினேன். அதற்குள் அஸர் பாங்கு சொல்லிவிட்டது. ஹாஜியானி தொழ இடம் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒழுங்காயிருந்த ஒரே அறை என்று உம்மா பின்னறையைத் திறந்து, முஸல்லாவை விரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எனக்கு இது தெரியாது.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு ஹாஜியானியே எங்களுக்குச் சொன்னார். ஜன்னல் சாத்திய அறை, அரையிருட்டு. தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிய பிறகுதான் கண் பழகியிருக்கிறது. கிப்லாப் பக்கம், சரியாகத் தனக்கு முன்னால், வெள்ளைத் துணி சுற்றி மூன்று இடத்தில் கட்டிய நீளமான ஒன்று. இறந்தவருக்குச் சுற்றும் கபன் துணியும் அப்படித்தான் கட்டப்படும், கடைசித் தொழுகைக்கு மய்யத்தும் அப்படித்தான் முன்னால் வைக்கப்படும். அத்தர் வாசம் வேறு. அந்த வாசத்துக்கு அடியில் மூக்கைக் குத்தும் இன்னொரு வாடை. தொழுகையை முறிக்க மனமில்லை. தொடர்ந்தார். இரண்டாவது ரக்அத்தில் துணிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டதாம். ஸுஜூதில் தலையை வைத்துவிட்டு, நிமிரலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாராம். நிமிர்ந்தபோது துணியின் நடுப்பகுதி, நெஞ்சு விம்முவதுபோல, முன்பைவிட உயர்ந்திருந்தது.

நாலு ரக்அத்தையும் முழுசாகத் தொழுது ஸலாம் கொடுத்துவிட்டுத்தான் அந்த மனுஷி வெளியே வந்தார். நானாயிருந்தால் ஜன்னல் வழியாகக் கடலுக்குள் இறங்கியிருப்பேன்.

கதிரையில் உட்கார்ந்து, நான் நீட்டிய பிளேன்டீயைக் கையில் வாங்கிக்கொண்டு உம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

“வீட்டுல மவுத்து ஒண்டு நடந்திருக்கு. எங்களுக்கு ஏன் சொல்லல்ல?”

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் அதைச் சொன்னால் பால்மாவையும் சொல்ல வேண்டும். எல்லோருமாகப் பின்னறை வாசலுக்குப் போனோம்.

வாங்கிலிருந்த அது காலையில் நான் கிடத்தியது இல்லை. துணி ஊதியிருந்தது. பக்கவாட்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஊறி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வந்து, நடுக்கட்டு இறுகியது. உம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினார். உள்ளேயிருப்பது சவர்க்காரம் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நிமிடம் எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. என் கால் வாசற்படியைத் தாண்ட மறுத்தது.

அப்போதுதான் றிஸ்னா வந்தாள். பாதி குத்திய முக்காடு, வாயில் ஊசி. எங்களை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போய், புறங்கையால் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“காய்ச்சல்காரன்ட நெத்தி மாதிரி சுடுது தாத்தா,” என்றாள், ஊசியை வாயிலிருந்து எடுக்காமலே.

பிறகு மூன்று கட்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். துவாயை நீக்கினாள். சவர்க்காரம் பெட்டியை மீறிப் பொங்கி, நீளவாக்கில் வாய்போல வெடித்திருந்தது. தோல் செம்மஞ்சளாகக் கருகியிருந்தது. கரையாத பால்மாக் கட்டிகள் அங்கங்கே கண்களைப்போல மேலே வந்து எங்களைப் பார்த்தன. நவச்சார நெடி அறையெல்லாம் நிறைந்தது. (பாலில் இருக்கும் இனிப்பு கோஸ்டிக்கோடு சேர்ந்தால் கொதித்துப் பொங்குமாம். அதனால்தான் ஒரு கரண்டி. அந்த விளக்கம் அதே காணொளியின் கடைசியில் இருந்தது. நான் கடைசிவரை பார்க்கவில்லை.)

நான் உண்மையைச் சொன்னேன். ஹாஜியானி பெட்டியை ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை பார்வையால் அளந்தார். பிறகு, “எவ்வளவு பால்மா போட்டீங்க?” என்று கேட்டார்.

“முழுப் பக்கெட்டும்.”

கையிலிருந்த பிளேன்டீயைக் குனிந்து பார்த்தார். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போய்வருகிறோம் என்றார். வான் போய்விட்டது.

என் கணவர் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, முற்றத்தில் புதைத்துவிடலாமா என்று கேட்டார். புதைப்பது என்ற சொல்லை அன்றைக்கு வீட்டில் யாரும் விரும்பவில்லை. வேலியோரம் போட்டோம். காகம்கூடக் கிட்ட வரவில்லை. உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். றிஸ்னா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கடையில் வாங்கிய சவர்க்காரத்தை என் முகத்துக்கு நேரே ஒருமுறை காட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம். என் தங்கச்சியின் வாழ்க்கையை ஒரு பக்கெட் பால்மாவில் கரைத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஹாஜியானியே தொலைபேசியில் உம்மாவைக் கூப்பிட்டார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, நாள் பார்ப்போம் என்றார். உம்மா நம்ப முடியாமல் காரணம் கேட்க, அவர் சொன்னாராம்: “நீங்க, நான், மூத்த புள்ள, எல்லாரும் வாசல்லயே நிண்டோம். அவ ஒருத்திதான் உள்ள போய்க் கட்ட அவிழ்த்தா. என்ட மகன் வான விட்டு இறங்கவே பயப்படுறவன். அவனுக்கு இப்பிடி ஒருத்தி வேணும்.”

கலியாணம் நடந்தது. சவர்க்காரத்தை எங்கள் ஊர்ப் பேச்சில் சவக்காரம் என்போம். அதிலும் சவம் இருக்கிறதே என்று என் மச்சான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கண்டுபிடித்து, அதற்கு ‘மய்யத்துக்காரம்’ என்று பேர் வைத்தார். (வானிலிருந்து இறங்காதவருக்கு வாய் மட்டும் நன்றாக இறங்கியது.) இப்போது இரண்டு குடும்பத்திலும் அதற்கு வேறு பேர் கிடையாது. றிஸ்னாவின் மகள் பேசப் பழகியதே அந்தச் சொல்லோடுதான். போன மாதம் அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் குனிந்து, மகளுக்கு என்ன வேணும் என்று அன்பாகக் கேட்டார்.

“ஒரு மய்யத்துக்காரம் தாங்க,” என்றாள், “பெரியம்மா செய்யாதது.”